மாப்பிள்ளை வெரி காம்

என் கோபம் கொழும்பு வெள்ளவத்தையில் பேர்போனது. எங்கள் சின்ன ஒழுங்கை காலி ஊருக்குப் போகும் பெருவீதியில் தொடங்கிக் கடற்கரைத் தண்டவாளத்தில் முடிந்தது. வீதிப் பக்கத்தில் நின்று நான் மீன்காரனோடு வாக்குவாதப்பட்டால், தண்டவாளப் பக்கத்து வீட்டார் யன்னலைத் திறந்து பார்ப்பார்கள் என்று ஐயா சொல்வார். ஐயா என்று நான் கூப்பிட்டது என் தகப்பனாரை. அவர் எதையும் கூட்டிச் சொல்லும் ஆள் இல்லை.

அதனால்தானோ என்னவோ, இங்கிலீசில் நான் முதன்முதலில் ஐயந்திரிபறத் தெரிந்துகொண்ட சொல் 'காம்'. அமைதி என்று அர்த்தம். கொன்வென்டில் எங்களுக்குப் படிப்பித்த கன்னியாஸ்திரி ஒருவர் என்னைப் பார்த்து 'பீ காம், சைல்ட், பீ காம்' என்று சொல்லாத நாள் குறைவு. சொல்லும்போது அவர் முகம் சிவந்துவிடும், கையிலிருக்கும் பிரம்பு ஆடும். அமைதியாக இருக்கிறவர்கள் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்பதை நான் அப்போதே கவனித்து வைத்துக்கொண்டேன். கடலுக்கும் இந்தச் சொல் உண்டு, அலை அடங்கிக் கிடந்தால் கடல் காம் என்பார்கள். எங்கள் ஒழுங்கை முடிவில் இருந்த கடல், வைகாசி பிறந்ததும் தண்டவாளக் கல்லின் மேல் ஏறி அடிக்கும். அதைப் பார்த்து யாரும் 'பீ காம்' என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. எனக்குத்தான் சொன்னார்கள்.

யப்பான் யுத்தம் வந்தபோது அந்தச் சொல் ஐயாவின் கந்தோருக்குள்ளும் புகுந்தது. ஐயா கொழும்புக் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியில் கிளாக்கராக இருந்தார். ஒருநாள் துரை கிளாக்கர்மாரை எல்லாம் கூட்டி, குண்டு விழுந்தால் ஒவ்வொருவரும் காமாக இருந்து வேலையைப் பார்க்க வேண்டும் என்று பிரசங்கம் பண்ணினாராம். பண்ணிவிட்டுத் தன் பெண்சாதியை மலைநாட்டு நுவரெலியாவுக்கு அனுப்பிவிட்டாராம். ஐயா அந்தச் சொல்லைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா இறந்தபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் குரல் உயர்ந்தால் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'காம், பிள்ளை, காம்' என்று வரும். ஐயாவிடமிருந்து எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கண்டிப்பு அதுதான்.

எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய பிறகு இந்தக் கோபம் ஐயாவுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. முதலில் வந்த சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு நல்லாச் சமைக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். "உங்கட மகனுக்கு நல்லாச் சாப்பிடத் தெரியுமோ?" என்று நான் கேட்டேன். நான் உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர்கள் கோப்பியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. இரண்டாவது சம்பந்தம் எதனால் குழம்பியது என்று இங்கே சொல்லத் தேவையில்லை, அதற்கும் என் வாய்தான் காரணம். மூன்றாவதாகத் தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தபோது ஐயா தன்னை நம்பாமல் யாழ்ப்பாணத்திலிருந்து தன் அக்காவை வரவழைத்தார். அவர்தான் என் மாமி.

மாமி மெயில் றெயிலில் முருங்கைக்காய்க் கட்டோடு வந்து இறங்கினார். அவர் வருவதற்கு முன் ஐயா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். மாமி நிற்கும் வரைக்கும் குரலை உயர்த்தக்கூடாது. நான் ஒப்புக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு வளைய வந்தேன். ஐயாவுக்கும் 'காம்' சொல்ல வேலை இருக்கவில்லை. மீன்காரன் எனக்குக் காய்ச்சலோ என்று மாமியிடம் விசாரித்தான்.

பெண் பார்ப்பது கொட்டாஞ்சேனைக் கோயிலில் என்று ஏற்பாடு. மாப்பிள்ளை கொட்டாஞ்சேனையில் ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கிப் பெண்மணியின் வீட்டு மேல்மாடியில் அறை எடுத்து இருந்தார். அரசாங்க உத்தியோகம். கோயிலுக்கு அவரும் அவருடைய சிற்றப்பாவும் வந்திருந்தார்கள், எங்கள் பக்கத்தில் ஐயா, மாமி, நான். நான் கும்பிடும்போதுகூடக் குனிந்த தலை நிமிரவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்து வெளியே வந்தால், என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. புதுச் செருப்பு. அவ்வளவு நாளும் அடக்கி வைத்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. செருப்புக்குக் காவலிருந்தவனை நான் கேட்ட கேள்விகளில் இரண்டு புறா பறந்துபோயின. ஐயா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் சிற்றப்பா கோபுரத்தைப் பார்த்தார்.

அப்போது மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து, மிகவும் தணிந்த குரலில், "அது உங்கட மாமியின்ர காலில இருக்குது" என்றார்.

பார்த்தால் மாமி ஒரு காலில் தன்னுடையதும் மறு காலில் என்னுடையதுமாக நின்றுகொண்டிருக்கிறார். மனிதர் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. காவல்காரனிடம் போய் ஏதோ சமாதானம் சொன்னார், மாமி செருப்பை மாற்றும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. எனக்குக் கோபம் வரும்போது தானும் கோபப்படாத, பயப்படாத, உபதேசம் பண்ணாத ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. இவரைக் கட்டினால் நான் நானாகவே இருக்கலாம் என்று தோன்றியது. கிடைக்காவிட்டால் இனி யாரும் வேண்டாம் என்றும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதிசயம் என்னவென்றால், அவ்வளவையும் பார்த்த பிறகும் அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். சாதகமும் பொருந்தியது. மிச்சம் இருந்தது மாப்பிள்ளையைப் பற்றிய விசாரணை மட்டுந்தான். அதைச் செய்ய ஐயா தன் கந்தோர்ச் சிநேகிதர் ஒருவரை அனுப்பப் பார்த்தார். மாமி விடவில்லை. "ஆம்பிளையளை ஆம்பிளையள் காட்டிக் குடுக்க மாட்டினம். நான் போறன். வீட்டுக்காரியைக் கேட்டா எல்லாம் வெளியில வரும்."

"அக்கா, அந்தப் பறங்கி நோனாவுக்குத் தமிழ் தெரியாது."

"எனக்கு இங்கிலீஸ் தெரியும்."

இது மாமியின் சொந்த அபிப்பிராயம். சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சில காலம் இருந்தவர். 'மோர்னிங்', 'நைட்', 'ஓல்வேஸ்', 'டோட்டர்', 'வெரி' என்று கைவசம் கொஞ்சம் இருந்தது. முன்பு கொழும்பில் இருந்த நாளில் சந்தைக்குப் போகிற அளவுக்குச் சிங்களமும் பழகியிருந்தார், நோனா சிங்களத்தில் வெளுத்துக் கட்டுவார் என்று தரகர் சொன்னார். "மீன் வாங்கிற பாஷையில மாப்பிள்ளை விசாரிக்கலாமே?" என்று மாமி கேட்டுவிட்டு, பட்டுச் சேலை உடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை ரிக்‌ஷாவில் ஏறினார்.

மத்தியானம் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் நான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். ஐயா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு விறாந்தையில் காத்துக்கொண்டிருந்தார். மாமி செம்புத் தண்ணீரை முழுதும் குடித்துவிட்டு, "தம்பி, இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

"ஏனக்கா? குடிக்கிறவரோ?"

"குடிச்சாலும் பரவாயில்லையே."

"சூதாட்டமோ?"

"அதெல்லாம் கலியாணம் கட்டினாத் திருந்தும்." மாமி என்னைப் பார்த்தார். "பெட்டை, நீ உள்ளுக்குப் போ."

நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அது எங்கள் குடும்பத்துக் குரல்தானே, எல்லாம் கேட்டது.

"வெக்கங்கெட்ட விசயம், தம்பி. காலமையும் அதுதானாம். இரவும் அதுதானாம். ஓல்வேஸாம். வீட்டுக்காரி தன்ர வாயால சொல்லுறாள்."

"எதுதான், அக்கா?"

"தன்ர டோட்டர்மாரோடையும் அப்பிடித்தானாம். ரெண்டு குமர்ப் பெட்டையள், முழங்காலுக்கு மேல கவுண். அதுகளும் பக்கத்தில நிண்டு ஓம் எண்டு தலையாட்டுதுகள். தாய்க்காரி சிரிச்சுக்கொண்டு சொல்லுறாள், தம்பி. பெருமையாச் சொல்லுறாள்."

ஐயா பேப்பரை மடித்து வைத்தார்.

"யப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு இவையள் எல்லாம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு மேசைக்குக் கீழ கிடந்திருக்கினம். அண்டைக்குங்கூட அவனுக்கு அதுதானாம்."

"குண்டு விழேக்கையோ?"

"குண்டு விழேக்கை."

ஐயா எழுந்து விறாந்தையில் இரண்டு நடை நடந்தார். "அக்கா, அவ என்ன எண்டுதான் சொன்னவ? அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ."

"நான் விரதம், தம்பி. அந்தச் சொல் என்ர வாயில வராது. அதுவும் இங்கிலீஸ் கதைச்சுக்கொண்டு போனவள், அந்த இடம் வரேக்கை மட்டும் எங்கட தமிழ்ச் சொல்லையே எடுத்துச் சொல்லுறாள். கடைசி எழுத்தை விழுங்கிப்போட்டுச் சொல்லுறாள், பறங்கி நாக்கெல்லோ. அவனிட்ட இருந்துதானே பழகியிருக்க வேணும்? எவ்வளவு நடந்திருக்குது எண்டு யோசிச்சுப் பார்."

கதவுக்குப் பின்னால் எனக்கு முதலில் வந்தது கோபம். அந்த மனிதர் மேல் கோபம், நோனா மேல் கோபம், முழங்காலுக்கு மேல் கவுண் போட்ட இரண்டு பேர் மேலும் கோபம். அதற்குப் பிறகு அழுகை வந்தது. கோயிலில் என் பக்கத்தில் வந்து நின்ற ஆளையும் மாமி சொன்ன ஆளையும் எவ்வளவு முயன்றும் ஒன்றாக்க என்னால் முடியவில்லை. ஆனால் ஒரு குமர்ப்பெண் அப்படிப்பட்ட விஷயத்தில் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது? ஐயாவிடம் கேட்டால் பேப்பருக்குப் பின்னாலேயே போய்விடுவார். மாமி அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். சொல்லாத சொல்லை யாரும் திருத்தவும் முடியாது. எங்கள் சனங்களின் மரியாதை இப்படித்தான் ஆளைக் கொல்லும்.

ஐயா தரகரைக் கூப்பிட்டு, சாதகத்தைத் திரும்பப் பார்த்ததில் கொஞ்சம் இடிக்கிறது என்று சொல்லி அனுப்பினார். ஒருவரையும் நோகடிக்காமல் சம்பந்தத்தை முறிக்க எங்கள் பக்கத்தில் கிரகங்களைத்தான் பிடிப்பது வழக்கம்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் திரும்பி வந்தார். நான் விறாந்தையில் சுளகை மடியில் வைத்துக் யுத்தப் பங்கீட்டில் கூப்பனுக்குக் கிடைத்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாமி எனக்கெதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஐயா பேப்பர்.

"சொல்லிப்போட்டன்" என்றார் தரகர். "கரைச்சல் ஒண்டும் இல்லை. பெடியன் 'சரி' எண்டவர்."

"வேற?" என்று ஐயா கேட்டார்.

"வேற ஒண்டும் இல்லை. 'சரி' எண்டு மட்டுந்தான் சொன்னவர்."

தரகர் படலையைச் சாத்திக்கொண்டு போகும்வரை பொறுத்தேன். அது எப்படி முடிந்தது என்று எனக்கே தெரியாது. பிறகு சுளகு ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஏன் என்று ஒரு கேள்வி கேட்க அந்த மனுசனுக்கு வாய் இல்லையா, நான் என்ன கூப்பன் முடிந்த சாமானா, இல்லை என்றதும் சரி என்று கடையை விட்டுப் போவதற்கு? அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் எனக்காக ஒரு சொல் கூடச் சொல்லியிருக்கக் கூடாதா? இதெல்லாம் நான் கேட்டது. தண்டவாளப் பக்கத்து யன்னல் திறந்ததா என்று பார்க்க எனக்கு அவகாசம் இல்லை.

ஐயா பதறிப்போய்ப் பேப்பரைக் கீழே போட்டார். "காம், பிள்ளை. காம். காம்."

மாமியின் கையிலிருந்த வெங்காயத் தட்டு நிலத்தில் விழுந்து உருண்டது. "தம்பி, உனக்கு விசரோ? பெத்த பிள்ளையைப் பாத்து அந்தச் சொல்லைச் சொல்லுறாய். வெள்ளிக்கிழமை நான் வாயால சொல்லாத சொல்லு."

"எந்தச் சொல், அக்கா?"

"இப்ப நீ மூண்டுதரம் சொன்னியே, அந்தச் சொல்."

ஐயாவுக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மாமி," என்றேன், "அந்த நோனா சொன்னது 'வெரி காம்' எண்டோ?"

மாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அதுவே போதுமாக இருந்தது. நான் நிலத்தில் அரிசிக்கு நடுவே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினேன். காலையிலும் அமைதி, இரவிலும் அமைதி, எப்போதும் அமைதி. மகள்மாரோடும் அமைதி. குண்டு விழும்போதும் அமைதி. ஒவ்வொன்றாக நினைக்க நினைக்கச் சிரிப்பு நிற்கவில்லை. ஐயா மாமியின் கையைக் காதிலிருந்து மெதுவாக எடுத்து, "அக்கா, காம் எண்டா இங்கிலீசில அமைதி" என்றார்.

மாமி நம்பவில்லை. "அப்ப சிவபெருமான் நெற்றிக்கண்ணால எரிச்சது அமைதியையோ?"

"அது வேற, அக்கா. அது தமிழ்."

ஐயா அகராதியைக் கொண்டுவந்து காட்டினார். மாமி எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு 'எல்' இருப்பதைக் கண்டுபிடித்தார். "இந்த எழுத்து எங்க போனது? இதை ஆரும் சொல்லுறதில்லையோ?"

"சொல்லுறதில்லை. எழுதுறது மட்டுந்தான்."

"எழுதிற எழுத்தைச் சொல்லாமல் விழுங்கினா இப்பிடித்தான் குடி கெடும்" என்றார் மாமி. பிழை முழுவதும் இங்கிலீஸ்காரன் தலையில் ஏறியது. அதற்குப் பிறகு அவர் மனம் ஆறிவிட்டது.

எனக்கு ஆறவில்லை. சிரிப்பு அடங்கியதும் மிஞ்சியது அந்தச் 'சரி' மட்டுந்தான். மனிதர் நல்லவர், அது நிச்சயம். ஆனால் காம் என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஒன்றும் மனதில் படாதவரும் வெளியில் காமாகத்தான் தெரிவார். குண்டு விழுந்தாலும் ஒன்றுதான், நான் கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்றால், அந்த ஆளைக் கட்டி நான் என்ன செய்வது? செருப்பு விஷயத்தில் அவர் காட்டிய பொறுமைகூட அக்கறையில்லாமையாகவே இருக்கலாம். அதை நேரில் பார்க்காமல் எனக்கு ஆறுதல் வராது.

ஐயா தரகரை மறுபடி அனுப்பலாம் என்றார். நான் சேலை மாற்றிக்கொண்டு வந்து படலையடியில் நின்றேன். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வழக்கம் எங்கே இருக்கிறது என்று மாமி கேட்டார். காமத்தை விசாரித்துக்கொண்டு வரும் வழக்கம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். மூன்று பேரும் கோட்டைக்குப் போய் அங்கிருந்து ட்ராமில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வழி முழுவதும் மாமி என்னோடு கதைக்கவில்லை.

நோனாவின் வீட்டு விறாந்தையில் பன்னச் செடிச் சாடிகள் வரிசையாக இருந்தன. நோனா மாமியைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஐயா அவரிடம், சாதகத்தை இன்னொருவரிடம் காட்டியதில் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறதாம் என்று தொடங்கி, இடையில் வியர்த்து நின்றுவிட்டார். அவருக்குப் பொய் அவ்வளவு தூரம் வராது. நல்லவேளையாக நோனா, குண்டு போட்ட நாள் தாங்கள் படுத்திருந்த மேசையையும், எங்கள் மாப்பிள்ளை காமாக உட்கார்ந்திருந்த நாற்காலியையும் காட்டுவதற்காக ஐயாவையும் மாமியையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

விறாந்தையில் நானும் அவரும். மகள்களில் ஒருத்தி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் எனக்கு ஒரு கோப்பையை எடுத்து நீட்டினார். முகம் கோயிலில் கண்ட அதே முகம், ஒரு சலனமும் இல்லை. ஆனால் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. நான் வாங்குவதற்குள் பாதித் தேத்தண்ணீர் தட்டில் நின்றது.

"தரகர் சொல்லேக்கை 'சரி' எண்டு சொன்னீங்களாம்" என்றேன்.

"ஓம்."

"ஏன் எண்டு ஒரு சொல் கேக்கேல்லையோ?"

அவர் செடிச் சாடியைப் பார்த்தார். "கேக்கத்தான் வாய் வந்தது. கேட்டா, பெட்டைக்கு விருப்பமில்லை எண்டு சொல்லிப்போடுவார் எண்டு பயமாயிருந்தது. சாதகம் எண்டா ஒரு மாதிரித் தாங்கலாம்."

என்னிடம் கோபத்துக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் இருந்தன, இதற்கு ஒன்றும் இருக்கவில்லை. உள்ளே நோனா நாற்காலியைத் தட்டிக் காட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கு விருப்பம்" என்றேன்.

என் ஆயுளில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் சொன்னதில்லை. அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாந்தரம் நான் சொன்னது தெருவில் போன ரிக்‌ஷாக்காரனுக்கும் கேட்டது, அவன் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.